அறுபதாயிரத்துக்குள் கேமிங் கணினி: எதில் செலவு, எதில் சிக்கனம்

அக்கா மகன் பிளஸ் டூ முடித்ததும் பைக் கேட்பான் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவன் கேட்டது கேமிங் பிசி. வீட்டில் 60,000 ரூபாய் வரை ஒத்துக்கொண்டார்கள். மானிட்டருக்கு இப்போதைக்குப் பழசே போதும், தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இரண்டாவது நாளே சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்: "ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினட், 450 வாட் எஸ்எம்பிஎஸ். மொத்தம் 42,000." (எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி.) கீழே, "மாமா, 18,000 மிச்சம்!"

கேமிங் கணினி வாங்கக் கிளம்பும் எல்லோர் கையிலும் முதலில் வருவது இப்படி ஒரு சீட்டுதான். அதில் எதுவும் பொய்யில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் உண்மை தெரியும். எந்த ஐ7? கடைக்குப் போன் செய்தேன்; ஐ7-2600 என்றார்கள். அது 2011 ஜனவரியில் வந்த ப்ராசஸர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பையன் முக்கியமாக ஆட நினைப்பது வேலரன்ட். விண்டோஸ் 11இல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் (போர்டில் இருக்க வேண்டிய பாதுகாப்பு வசதிகள்) வேண்டும். "4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது ஜிடி 730, அது 2014 சரக்கு. ஆக, பையன் 18,000 மிச்சப்படுத்தவில்லை, 42,000ஐத் தொலைக்கப் பார்த்தான்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து புதிதாக ஒரு பட்டியல் போட்டோம். அதற்கு ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளக்கூடியது எதுவோ அதில் சிக்கனம். மாற்ற வேண்டுமென்றால் முழுக் கணினியையும் பிரிக்க வேண்டியது எதுவோ, கெட்டுப்போனால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது எதுவோ, அதில் சிக்கனம் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த விதிப்படிதான்.

முதலில் கேம், அப்புறம் மானிட்டர்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்தெந்த கேம், எந்த மானிட்டரில். இதை எழுதாமல் போனால் கடைக்காரர் உங்களுக்காக எழுதிவிடுவார்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டைவிட ப்ராசஸரை அதிகம் நம்பியிருப்பவை. கதையோடு போகிற பெரிய கேம்கள் கிராபிக்ஸ் கார்டைத்தான் பிழிந்தெடுக்கும். மொபைல் கேமைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் போட்டு ஃப்ரீ ஃபயர் ஆடுபவர்களுக்கு ப்ராசஸரில் கோர்களும் போதுமான ராமும் முக்கியம். (எமுலேட்டர் மந்தமாக ஓடினால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கலாம். ஏஎம்டி போர்டுகளில் அதற்கு எஸ்விஎம் என்று பெயர்.)

மானிட்டர் இரண்டாவது கேள்வி. வீட்டில் இருப்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்றால், கணினி நொடிக்கு 150 ஃப்ரேம் கொடுத்தாலும் திரை 60 முறைதான் மாறும். அதற்காகச் சிறிய கார்டு வாங்க வேண்டாம். மானிட்டரைப் பின்னால் மாற்றுவது சுலபம். 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல், ஐபிஎஸ் பேனல் என்று வாங்கினால் இந்த பட்ஜெட் கணினிக்குச் சரியான ஜோடி. 1440பி, 4கே பக்கம் போகவே வேண்டாம். அந்தத் திரைக்குத் தீனி போட இந்த விலையில் கார்டு கிடையாது.

கிராபிக்ஸ் கார்டு: பணத்தில் பெரும் பங்கு இங்கேதான்

மானிட்டர் தவிர்த்த தொகையில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். 60,000 என்றால் 22,000 முதல் 24,000 வரை. "முதலில் நல்ல ப்ராசஸர், கார்டு பிறகு பார்க்கலாம்" என்று ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பிறகைப் பார்ப்பதே இல்லை.

1080பிக்கு என் முதல் தேர்வு ரேடியான் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி நினைவகம், மொத்த மின்தேவை 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. வயதாகிவிட்டது என்பது உண்மைதான், ஆனால் இந்த விலையில் இதற்குச் சமமாக ஓடுவது குறைவு. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5050, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 மூன்றையும் அன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் 8 ஜிபி இருக்கிறது. இன்றைக்கு 8 ஜிபிக்குக் கீழே புதிதாக கார்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் நிறைய. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் நினைவக அளவு மட்டும் குறையவில்லை, உள்ளே இருக்கும் சிப்பையே குறுக்கியிருக்கிறார்கள். அது 70 வாட்டில் ஓடுவதால் தனி பவர் கேபிள் தேவைப்படாது. பழைய ஆபீஸ் கணினியில் செருக நல்ல கார்டு, புதிதாகக் கட்டும் கேமிங் கணினிக்குத் தேவையில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற பெயரும் 6600க்குப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். 4 ஜிபிதான், அதுவும் நான்கே பிசிஐஇ லேன் (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதை). பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். வீடியோ என்கோடரும் கிடையாது. விளையாட்டை ரெக்கார்டு செய்து யூடியூபில் போடுவதாகப் பையன் கனவு கண்டால் அதோடு முடிந்தது.

இன்டெல்லின் ஆர்க் பி580க்கு 12 ஜிபி நினைவகம்; பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அதற்கு ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரே தடவையில் அணுகும் வசதி) உள்ள போர்டு கட்டாயம். கொஞ்சம் பழைய ஆறு கோர் ப்ராசஸர்களோடு சேர்த்தால் சில கேம்களில் அதன் முழு வேகம் வராது. நாங்கள் எடுக்கப்போவது அப்படிப்பட்ட ப்ராசஸர்தான் என்பதால் விட்டுவிட்டோம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் விற்பவர் வீட்டில் கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்துத்தான். இருபது நிமிடமாவது ஒரு கனமான கேமை ஓட விடுங்கள். திரையில் கோடு, புள்ளி வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற குறைந்த ரகம் கலந்திருக்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள், அசல் 580 என்றால் 2304 காட்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகளை இனி தொடாதீர்கள். அவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே முடிவு

இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றது பாதி முடிவாகிவிடும்.

எங்கள் முன் இருந்த தேர்வுகள் ஏஎம்டி ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை, இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஐ3-12100எஃப். நான்கு கோர்தான், ஆனால் போட்டி கேம்களுக்கு இன்னும் தாக்குப்பிடிக்கும். 5600ஐவிடக் கொஞ்சம் விலை குறைவு என்று ரைசன் 5 5500ஐக் காட்டுவார்கள். ஒரு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். 5600இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500இல் 16. 5600இல் பிசிஐஇ 4.0, 5500இல் 3.0. விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைநூறு என்றால் யோசிக்காமல் 5600க்குப் போங்கள்.

இன்டெல்லில் கடைசியில் வரும் 'எஃப்' என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5600இலும் கிடையாது. கார்டு செருகாமல் திரையில் எதுவும் வராது, போர்டு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பெயரில் 'ஜி' சேர்ந்த 5600ஜியில் கிராபிக்ஸ் உண்டு. இப்போது பணமில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் கார்டு என்றால் அது நல்ல வழி. இரண்டு மாதத்தில் கார்டு வாங்கிவிடுவோம் என்றால் அந்த இரண்டு மாதம் பொறுத்திருந்து 5600ஆகவே வாங்குவது மேல், ஏனென்றால் 5600ஜியிலும் கேஷ் பாதிதான், பிசிஐஇ 3.0தான்.

"புதுசா ஏஎம்5 வந்திருக்கே மாமா" என்றான். கேள்வி நியாயமானது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டை (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2027 வரையாவது ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் விதிப்படி பார்த்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே போட முடியும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறிவிட்டது. டிடிஆர்4உம் ஏறியதுதான், ஆனால் பழைய ஸ்டிக் கைமாறிக் கிடைப்பது அதில்தான். ராம், போர்டு இரண்டுக்குமாகக் கூடுதலாகக் கொடுப்பதைக் கார்டிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. 60,000இல் 5600 உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட்டே என்று முடித்தோம். 80,000 இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

போர்டில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பி550 சிப்செட் இருந்தால் பிசிஐஇ 4.0 கிடைக்கும். ராமுக்கு நான்கு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 ஸ்லாட் இருந்தால் பின்னால் வசதி. பழைய ஸ்டாக் பி450 போர்டு என்றால் ரைசன் 5000 வரிசையை பயாஸ் அப்டேட் செய்யாமல் அடையாளம் காணாமல் போகலாம். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். கேமிங் என்று அச்சிட்ட பளபளப்பான போர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் வேகம் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது.

எஸ்எம்பிஎஸ்: சீட்டில் கடைசி வரி, பார்க்க வேண்டியது முதலில்

கேபினட்டோடு இலவசமாக வரும் அந்த '450 வாட்' பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12வி என்று ஒரு கட்டம், கீழே ஆம்பியர் எண். நாங்கள் பார்த்ததில் 16ஏ என்று போட்டிருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது கிட்டத்தட்ட முழுவதும் இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். ரைசன் 5600 அதிகபட்சம் 76 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132. கூட்டினால் 208. ஃபேன், போர்டு கணக்கெல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை. அந்தப் பெட்டி விளையாட்டு சூடு பிடித்த நேரத்தில் பொசுக்கென்று அணையும். அதிர்ஷ்டம் கெட்டால் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் ஸ்டிக்கரில் அதே இடத்தில் 43, 45 ஆம்பியர் என்று இருக்கும். அதாவது 500 வாட்டுக்கு மேல் அந்த ஒரு லைனிலேயே. இந்தப் பெருக்கலைக் கடையில் நின்றுகொண்டே செய்யுங்கள். நீங்கள் கால்குலேட்டரைத் திறந்ததும் கடைக்காரர் பேச்சு மாறும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பின்புறம் 115/230 என்று ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) இல்லாதது, வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, தரத்துக்கு முழு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் முத்திரையும் ஐந்து வருட வாரண்டியும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் நம்பலாம். கார்டுக்கான 6+2 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். "கன்வெர்டர் போட்டுக்கலாம் சார்" என்றால் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சோடு ஒட்டியது வீட்டு எர்த்திங். கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறது என்றால் அது கணினியின் கோளாறு இல்லை, சுவரில் இருக்கும் மூன்றாவது பின்னுக்கு எர்த் சரியாக வரவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். எங்கள் அக்கா வீட்டில் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயரே இல்லை, இருபது வருடமாக டிவி மட்டும் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை.

ராம், எஸ்எஸ்டி, கேபினட்

ராம் 16 ஜிபி. ஒரே ஸ்டிக்காக வாங்கினால் பின்னால் இன்னொன்று போடலாம் என்பார்கள். 8+8ஆக வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் இரண்டு சேனலிலும் தகவல் போகும், ஒரே நேரத்தில் ஒன்றில் போவதைப்போல் இரண்டு மடங்கு. ப்ராசஸரை நம்பியிருக்கும் கேம்களில் இது கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டு என்பதால் பின்னால் சேர்க்கவும் இடமிருக்கிறது. டிடிஆர்4, 3200 போதும்.

எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற வேகமான ரகம். எம்.2 வடிவத்திலேயே சாட்டா ரகமும் இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி. சாட்டா நொடிக்கு 550 எம்பி சுமாரில் நின்றுவிடும். 1 டிபி வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் 500 ஜிபி. விண்டோஸில் அது 465 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போகாதீர்கள். நாங்கள் 500தான் வாங்கினோம். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதே, நிறையும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். கடையின் ஏசியில் 22 டிகிரியில் ஓட்டிக்காட்டும்போது 70 டிகிரி காட்டும் ப்ராசஸர், மே மாதம் நம் வீட்டு அறையில் 35 டிகிரியில் ஓடினால் 83 பக்கம் போய் நிற்கும். முன்னால் காற்று உள்ளே வர ஒரு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று இருந்தால் போதும். 5600 பெட்டியில் வரும் கூலரே சமாளிக்கும். வண்ண விளக்கு வேண்டுமென்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். எல்இடி ஸ்ட்ரிப் ஒன்றைத் தனியாக வாங்கிக் கொடுத்தேன்.

பில்லோடு வாங்குவது

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். குறைவது ஜிஎஸ்டி 18 சதவீதம், போவது வாரண்டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டு, பெட்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ப்ராசஸரைப் பெட்டியோடு கேளுங்கள். 'ட்ரே' என்று உதிரியாகத் தருவதில் கூலர் இருக்காது, வாரண்டியும் கடைக்காரர் வாய்வார்த்தைதான். ஒரே நாளில் எல்லாம் வாங்க முயலுங்கள். ராம் இன்று, போர்டு அடுத்த மாதம் என்று பிரித்து வாங்கினால், ஒன்று வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது மாற்றித் தரும் காலம் முடிந்திருக்கும்.

கோர்த்து முடித்ததும்

கடையிலேயே கோர்த்துத் தருவார்கள். வீட்டில் செய்தாலும் மூன்று மணி நேர வேலைதான். ராமை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். இரண்டு முனையும் க்ளிக் என்று அமர வேண்டும். எங்களுக்கு முதல் முறை திரை வராததற்கு அதுதான் காரணம். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது.

திரை வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கக் கூடாது, கீழே படுத்திருக்கும் கார்டில் இருக்க வேண்டும். உள்கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரில் தவறாகச் செருகினாலும் திரை வரும் என்பதால் மாதக்கணக்கில் கார்டைத் தூங்கவிட்டு விளையாடியவர்களை எனக்குத் தெரியும். அடுத்து, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133, 2400 என்று நடந்துகொண்டிருக்கும். மூன்றாவது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வந்த பிறகு விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் போய் நீங்களே 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல சமயம் 60இலேயே நிற்கும்.

கணினி ஓட ஆரம்பித்த மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "இந்த அட்டைப்பெட்டியெல்லாம் வீட்டை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, பேப்பர்காரர் வந்திருக்கார், போட்டுடவா?" கார்டு, போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் நான்கின் பெட்டியையும் மட்டும் பரணில் ஏற்றி, பில்லை ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பச் சொன்னேன். கேபினட் வந்த பெரிய பெட்டியைப் போட்டதில் அவளுக்குப் பன்னிரண்டு ரூபாய் கிடைத்ததாம்.